புள்ளி விழாத தடம்

வெலிச்கா ஒரு நாளும் மலைக்கு மேலே போனதில்லை. மலையடிவார ஊரான எலோவெத்ஸில் பிறந்து வளர்ந்து ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலைதான். ஆனால் ஆட்களை மேலே ஏற்றுகிற தொங்கு நாற்காலி ஓடுகிற நேரம் முழுக்க அவள் கடையில் இருந்தாக வேண்டும். பனியில் சறுக்குவதற்கு ஸ்கீயும் ஸ்னோபோர்டும் வாடகைக்கு விடுகிற கடை அது. காலை எட்டுக்குத் திறப்பாள். நாலரைக்கு நாற்காலி நின்றால் ஐந்துக்குப் பூட்டுவாள். கோடையில் போகலாமே என்றால், கோடையில் உருளைக்கிழங்கு நிலம் இருக்கிறது. அப்புறம் மலைக்கு எப்போது போவதாம்?

அப்படிப்பட்டவள்தான் அந்த மலைக்கு ஸ்னோபோர்டுக்காரர்களுக்கென்று ஒரு வரைபடம் போட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், நடந்தது இதுதான்.

டிக்கெட்டோடு கொடுக்கிற வரைபடம் ஸ்கீக்காரர்கள் ஸ்கீக்காரர்களுக்காகப் போட்டது. அதில் பச்சைக் கோடு என்றால் சுலபமான தடம். ஸ்கீக்காரன் கையில் இரண்டு கோல் இருக்கிறது. சமதளம் வந்தால் நாலு உந்து உந்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஸ்னோபோர்டுக்காரனுக்கு இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டிக் கிடக்கும். வேகம் போய் நின்றுவிட்டால் தொலைந்தது. உட்கார்ந்து, பூட்டைக் கழற்றி, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழங்கால் பனியில் நடக்க வேண்டியதுதான். பச்சைக் கோட்டை நம்பிப் போனவர்கள்தான் அதிகம் நடந்தார்கள்.

சாயங்காலம் பலகையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் வெலிச்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"இன்னிக்கு எங்க நடந்தீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! அந்த ரெண்டாவது நாற்காலிக்குக் கீழ, பைன் மரத்துக்கிட்ட. ஒரு கிலோமீட்டர் இருக்கும். இடுப்பே போச்சு!"

கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அவ்வளவுதான். பதினோரு குளிர்காலம் இப்படியே போனது. சில இடங்களில் புள்ளி மேல் புள்ளி விழுந்து காகிதமே கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பைத் தொடாமல் கீழே வரும் வழி தெரிந்தவன் நடக்காமல் வீடு சேர்வான். ஸ்னோபோர்டுக்காரர்கள் கல்லாவை எட்டிப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவள் தம்பி மெத்தோதிக்கு அது பிடிக்கவே இல்லை. முப்பது வருஷமாக ஸ்கீ சொல்லிக் கொடுக்கிறவன். மலையை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதுவும் கடையை விட்டு நகராத அக்கா.

"மேல ஏறிப் பாக்காமலே மலைக்கு மேப் போட்ட ஒரே ஆளு நீதான்க்கா. அடுத்தது நிலாவுக்கா?"

"நீ முப்பது வருஷமா ஏறி இறங்கறியே, ஒரு புள்ளியாவது வச்சியா?" என்பாள் அவள். வாய் குறைச்சலில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு உள்ளே வலித்தது. ஒரு தடவையாவது அவன் வாயால் நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்கிற ஆசை அவளுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஜனவரியில் தடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி தோன்சோ கடைக்கு வந்தான். பிப்ரவரியில் ஸ்னோபோர்டுப் போட்டி. ஊர் நிறையக் கூட்டம் வரும். வெலிச்காவின் வரைபடத்தை நாற்காலி ஏறுகிற இடத்தில் பெரிய அறிவிப்புப் பலகையாக நிறுத்தப்போகிறான், மடக்கு வரைபடமாகவும் இரண்டாயிரம் அச்சடிக்கப்போகிறான். மூலையில் அவள் பெயர் இருக்கும்.

"ஒண்ணே ஒண்ணுதான் வேணும்," என்றான். "சாயங்காலம் நாற்காலி நின்னப்புறம் மேலேர்ந்து ஊருக்கு இறங்கறதுக்கு, நடக்காம ஒரு வழி. மெயின் தடத்துல கடைசில எல்லாரும் மாட்டிக்கறாங்க."

வெலிச்கா காகிதத்தைப் பார்த்தாள். மலை முழுக்கப் புள்ளி. பட்டித் தடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டுப்பட்டியைச் சுற்றி, ஓடையோரமாக இறங்கி, ஊருக்கு வெளியே மரம் அறுக்கிற ஆலைக்குப் பின்னால் வந்து சேரும் பச்சைக் கோடு. பதினோரு வருஷத்தில் ஒரு முறையீடுகூட வராத தடம்! அதன் மேல் ஊதா மையால் தடிமனாக இழுத்தாள்.

அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடும்படி தோன்சோ மெத்தோதியைக் கேட்டுக்கொண்டான். அவன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பனி கண்ணாடி மாதிரி உறைந்திருந்தபோது, ஸ்கீயில் பட்டித் தடத்தில் இறங்கினான். நேரே கடைக்கு வந்தான்.

"சும்மா சொல்லக் கூடாதுக்கா. கோலையே தொடல. வழுக்கிக்கிட்டே வந்துட்டேன். சரியாத்தான் போட்டிருக்க."

வெலிச்காவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே டீ கொடுத்தாள்.

போட்டியின் முதல் நாள், சனிக்கிழமை. ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு மெத்தோதியோடும் தோன்சோவோடும் சாராயக்கடைக்குப் போனாள். அறிவிப்புப் பலகை நின்றாயிற்று, பெயரும் வந்தாயிற்று. தோன்சோதான் எல்லோருக்கும் ராக்கியா என்கிற பழச் சாராயம் வாங்கினான். ஏழு மணி வாக்கில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பிளோவ்திவ் நகரத்திலிருந்து வருஷா வருஷம் வருகிற இவைலா. இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தாள். பின்னால் எட்டுப் பேர், அதே கோலத்தில்.

"வெலிச்கா அக்கா, அந்த ஊதாக் கோடு நீங்க போட்டதா?"

"நான்தான். ஏம்மா?"

"ஓடையோரம் ரெண்டு கிலோமீட்டர் தட்டையாக் கிடக்கு! சாயங்காலம் பனி பசை மாதிரி ஒட்டுது. ஒரு அடி நகரல. நாங்க மட்டுமில்ல, நாப்பது பேர் வரிசையா நடந்து வந்தோம். இன்னும் பாதிப் பேரு ரோட்டுல வந்துக்கிட்டிருக்காங்க."

வெலிச்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பதினோரு வருஷமா ஒருத்தரும் என்கிட்ட சொல்லலையேம்மா?"

"எப்படிச் சொல்றது? அந்த வழியா வந்தா ஊர் சேர ஆறரை ஆகுது. உங்க கடை பூட்டிக் கிடக்கும். வாசல்ல வச்சிருக்கற பெட்டில பலகையைப் போட்டுட்டு, பஸ்ஸப் பிடிச்சுப் போயிடறோம். நானே ரெண்டு வருஷம் முன்னாடி அங்க மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல."

"அப்புறம் இன்னிக்கு ஏன் போன?"

"மூலைல உங்க பேரு இருந்துச்சு. நீங்க கேக்காம எதையும் போட மாட்டீங்க, தடத்தைச் சரி பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சேன். அதை நம்பித்தான் இவங்க எட்டுப் பேரையும் இழுத்துட்டுப் போனேன்."

வெலிச்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவமானத்தைவிட வேறொன்று அவளை அறுத்தது. லேசாக நடந்தவர்கள் கடைக்கு வந்து புலம்பினார்கள். அதிகம் நடந்து செத்துச் சுண்ணாம்பானவர்களோ பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் பெட்டியில் கிடந்த பலகைகளை எடுத்து வைக்கும்போதெல்லாம், சோம்பேறிகள், நேரத்துக்கு வரத் தெரியாதவர்கள் என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள்.

மெத்தோதி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தடத்தில் இறங்கிப் பார்த்துச் சரி என்றவன் அவன்தான்.

"காலைல நல்லாத்தான் இருந்துச்சு," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அச்சுக்காரன் கோட்டை மாத்திப் போட்டுட்டான்னு சொல்லிடலாம்க்கா. யாருக்குத் தெரியப்போவுது?"

வெலிச்கா இவைலாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்கோம்மா. நான் போனதில்ல, புள்ளி இல்லன்னு பாத்துப் போட்டுட்டேன்," என்றாள். எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் சொன்னாள்.

"காலைல முதல் வேலையாப் பலகைல அந்தக் கோட்டை மறைச்சு ஒட்டிடறேன்," என்றான் தோன்சோ. "உங்க பேரையும் சேத்து மறைச்சிடறேன். மடக்கு மேப் ரெண்டாயிரமும் ஜனங்க பைல போயாச்சு. அதைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. இந்த வருஷம் முழுக்கத் திட்டு விழும்."

"கோட்டை மறை தம்பி. பேரை விடு."

"எதுக்கு? ஊரே உங்களைத் தேடி வரும்."

"வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் ஐந்து மணிக்குக் கடையைப் பூட்டவில்லை. வாசலில் இருந்த பெட்டியை உள்ளே இழுத்துப் போட்டாள். பெரிய கெட்டிலில் டீயை அடுப்பில் ஏற்றினாள். ஆறே முக்காலுக்குக் கதவு படாரென்று திறந்தது. முழங்கால்வரை பனியோடு ஒரு தடித்த ஆள். இதுவரை அவள் பார்த்திராத முகம். மடக்கு வரைபடத்தை மேசை மேல் அறைந்தான்.

"வெலிச்காங்கறது யாருய்யா இங்க?"

"நான்தான்," என்று சொல்லி நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். "உக்காருங்க. திட்டறதை முதல்ல திட்டி முடிச்சிடுங்க. எனக்கு அவசரமில்ல, எட்டு மணி வரைக்கும் கடை தொறந்துதான் இருக்கும்."