வெர்னாவுக்குப் பின்னிய போர்வை

அமெரிக்காவின் டுலூத் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸுக்குப் பின்னல் கொக்கியைப் பிடித்தால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும். அதனால் விரல்களாலேயே பின்னப் பழகிக்கொண்டாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வண்டியை ஏரிக்கரையில் நிறுத்தி, சுண்டுவிரல் தடிமனுள்ள நூலை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வாள். இடக்கைக்காரி. வளையத்துக்குள் மூன்று விரலை நுழைத்து நூலைப் பிடித்து இழுத்தால் ஒரு கண்ணி, வித்தை அவ்வளவுதான். பின்னப் பின்ன மடி கனத்து, பின்னுகிறவளுக்குத்தான் முதலில் குளிர் விடும்.

இந்தப் போர்வை நாத்தனார் வெர்னாவுக்கு. இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆர்லிஸின் கணவன் டுவேனை அடக்கம் செய்த அன்று, சர்ச் கூடத்தில் காபிக் கோப்பையோடு நின்றுகொண்டு வெர்னா சொன்னாள்: "பனி உருகறதுக்குள்ள என் தம்பி போட்ட கல்யாண மோதிரத்தைக் கழட்டிருவா, பாருங்க."

ஆர்லிஸ் கழற்றவே இல்லை. பாதி அன்பு, பாதி வீம்பு. உடம்பு இளைத்து மோதிரம் லொடலொடத்தபோதும் அப்படியே போட்டிருந்தாள். இப்போது வெர்னாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள், எந்நேரமும் நடுங்குகிறாளாம். வீம்பை எத்தனை நாள் கட்டிக்கொண்டு அழுவது?

போர்வையை முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள், விரலில் மோதிரம் இல்லை. இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்து தேடினாள், கையுறையை உதறினாள், பனியைக் கிளறினாள். கிடைக்கவில்லை. வெறும் விரலோடு அந்த வாய்க்கு முன்னால் போய் நிற்பதா? போகாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்து, வெர்னா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

வெர்னாவின் கண் நேராக விரலுக்குத்தான் போனது.

"கழட்டல, தொலைஞ்சு போச்சு" என்றாள் ஆர்லிஸ்.

"நான் கேட்டேனா?"

வெர்னா போர்வையை முழங்காலில் விரித்துத் தடவிக்கொண்டே இருந்தாள். கை ஓரிடத்தில் நின்றது. "இதென்ன, கல்லாட்டம்?"

மோதிரம். நூலை இழுத்த வேகத்தில் இடக்கை விரலைவிட்டு நழுவி, கண்ணியின் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பத்து வரிசை பின்னியாகிவிட்டது. ஆர்லிஸ் அவசரமாக நூல் முனையைத் தேடினாள்.

"பத்து வரிசைதான் வெர்னா. பிரிச்சு எடுத்துட்டு இங்கயே உக்காந்து பின்னிக் குடுத்துடறேன்."

"கைய எடு. குளிருது." வெர்னா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அந்தக் கண்ணியை மட்டும் விரல் விடவில்லை. "தம்பி என்கிட்டயே இருக்கட்டும். பாக்கணும்னா நீ வா."

ஆர்லிஸ் நூல் முனையை விட்டாள்.

"வியாழக்கிழமை மருந்து ஏத்தப் போகணும், கூட்டிட்டுப் போக ஆளில்ல" என்றாள் வெர்னா. "அந்த மஞ்சள் பஸ்ஸ எடுத்துட்டு வந்து நிக்காத."