முதுகுப் பக்கம் வந்த கல்

புளுகு என்பவர்கள் இங்குஷ் மலைக்கு வந்து எங்கள் ஊர்க் காவல் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துக்கொள்ளட்டும். அது இன்னும் நிற்கிறது. அதை முடித்தது மேஸ்திரி துகோ மட்டும் அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன்.

தொடங்கிய கோபுரம் ஒரு வருஷத்துக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அரைகுறையாக அப்படியே போட்டுவிடுவார்கள். அந்த வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கட்டிய மேஸ்திரியை எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். பெர்சா தன் குடும்பத்துக்காகத் துகோவை வைத்துக் கட்டிய கோபுரத்துக்கு அன்றுதான் கடைசி நாள். கூரை பாதியில் நிற்கிறது, பலகைக் கல் தீர்ந்துவிட்டது.

பெர்சா கீழிருந்து குரல் கொடுத்தான்.

"எல்லாரும் ஓடைக்குப் போயி சுமந்துட்டு வந்துர்றோம் மேஸ்திரி. எறங்கிராதீங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

எங்கள் பக்கம் கோபுரத்துக்கு வெளியே சாரம் கட்டுவதில்லை. கல் எல்லாம் உள்ளேதான், தளம் தளமாகக் கைமாறி மேலே வரும். துகோ கூரை விளிம்பில், உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல்தான். ஆனால் மூடுபனி ஏறி, தரையே தெரியவில்லை.

குளிருக்குக் கையைத் தேய்த்தார். பழக்க தோஷம், பார்க்காமலே கையை நீட்டினார்.

கல் வந்தது.

வைத்தார். சுண்ணாம்பு பூசினார். மறுபடி நீட்டினார். வந்தது. ஒரு வரிசை முடிந்த பிறகுதான் உறைத்தது... எல்லோரும் ஓடைக்கல்லவா போயிருக்கிறார்கள்?

எதிரே, கல் ஏறி வரும் திறப்பில் யாரும் இல்லை. கல் முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

முதுகுப் பக்கம் வெறும் ஆகாயம்.

சளக்... பக்கத்துச் சட்டியில் யாரோ சுண்ணாம்பை அள்ளினார்கள்.

இறங்கக் காலை எடுத்தார். ஆனால் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இப்போது இறங்கினால் பெர்சா குடும்பம் தொலைந்தது, தன் பிழைப்பும் தொலைந்தது.

கையை நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"நேரமாச்சு," என்றது காதோரம் ஒரு குரல்.

கண்ணை மூடிக்கொண்டு உச்சிக்கல்லை வைத்தார்.

கல் சுமந்து திரும்பிய பெர்சா, முடிந்த கூரையைப் பார்த்துத் தலைகால் புரியாமல் ஆடினான். கல் ஏது என்று அவன் கேட்பதற்குள் துகோ கீழே இறங்கிவிட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பெர்சாவே வந்து கூட்டிப்போனான். போன இடம் அவர்கள் குடும்பக் கல்லறை வீடு. செத்தவர்களைப் புதைக்காமல், அடுக்கடுக்காகக் கிடத்தி வைக்கும் இடம். அதன் கூரையில் பாதிப் பலகைக் கற்களைக் காணோம்.

பெயர்த்தது வெளியே இருந்து அல்ல...

உள்ளே இருந்து.

பெர்சாவின் அப்பா, தாத்தா, பூட்டன்... எல்லோரும் வைத்த இடத்தில்தான் கிடந்தார்கள்.

அவர்கள் விரல்களில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.