அக்கா மாடு சாய்த்த கடைசி வைகாசி

முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான். நாற்பது பசுக்களும் அவற்றின் கன்றுகளும் சரளைக்கல் தெருவில் நடந்து வந்தால் குளம்புச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும் என்று நினைப்போம். அப்படியில்லை. கூட்டத்துக்குள் ஒன்றையொன்று தவறவிட்ட தாயும் கன்றும் மாறி மாறிக் கத்துவதுதான் பெரிதாகக் கேட்கும். நான் அவற்றுக்கு முன்னால் காரை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பக்க விளக்குகளும் விட்டு விட்டு எரிந்தன. பின்னால் பார்க்கும் கண்ணாடி முழுவதும் சிவப்பு உடல்கள், வெள்ளை முகங்கள். அவற்றுக்கும் பின்னால், தூரத்தில், மண்ணிறக் குதிரையின் மேல் மஞ்சள் மழைச்சட்டை போட்ட என் அக்கா. அப்பா என் காரின் பின் இருக்கையில் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. தன் முழங்கால்களைப் பார்த்தபடி இருந்தார்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு எனக்குத் தலை வாரி இழுத்ததும் பள்ளிக்கூடக் கடிதங்களில் கையெழுத்து வைத்ததும் அக்காதான். மிருக வைத்தியருக்கு உதவியாளாகப் படித்து, வேலையும் எடுத்து, நகரத்துக்குக் கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் மலைப்பக்கப் பண்ணைகளுக்கு மாடு பார்க்கப் போய்வந்தாள். அங்கே ஹியர்ஃபோர்ட் மாடுகள் வளர்க்கும் ஒருவரைக் கண்டாள். இருபத்தேழாவது வயதில் அந்த ஊர் நகரமண்டபத்தில் அவரைக் கலியாணம் செய்தாள். எங்கள் பக்கத்தில் போனது நான் ஒருத்திதான். அவரை அன்றிலிருந்து அத்தான் என்றே கூப்பிடுகிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தன் பெயர்களில் அதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரனைக் கட்டியதை அப்பா ஒருவேளை பொறுத்திருப்பார். எங்கள் சொந்தத்திலேயே இரண்டு மூன்று பேர் அப்படிக் கட்டி, பிறகு பிறந்தநாள் கொண்டாட்டங்களில் எல்லோரோடும் சேர்ந்து நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அவருக்குப் பொறுக்காதது மாடுகள். அப்பா டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு எடுத்ததே கோயிலுக்குப் பக்கம் என்பதற்காக. வாழ்நாளில் முட்டைகூடத் தொடாதவர். ஹியர்ஃபோர்ட் பால்மாடு இல்லை, இறைச்சி மாடு என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

"பாலுக்கு வளர்க்கிறாள் எண்டா நானே போய் ஒரு செம்பு வாங்கிக் குடிச்சிருப்பன். இது வெட்டக் குடுக்கிறதுக்கு வளர்க்கிற மாடு. என்ர பிள்ளை அதைச் செய்யமாட்டாள்," என்றார். அதோடு சரி. கோயிலில் புதிதாக யாரும் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் "ஒண்டு" என்பார். நான் அருச்சனைத் தட்டோடு பக்கத்தில் நிற்பேன். பதினெட்டு வருடம் இப்படிப் போனது.

ஒவ்வொரு வருடமும் வைகாசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் அக்கா தொலைபேசி எடுப்பாள். "புல்லு வந்திட்டுது. வாறியோ?" நான் வேலை செய்யும் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், ஒருநாள் லீவு கேட்டுக்கொண்டு போவேன். குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் வைக்கோல் தின்ற மாடுகளை மேலே மலைச்சரிவில் இருக்கும் கோடைப் புல்வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் ஐந்து கிலோமீற்றர்தான். ஆனால் வழியில் மற்றவர்களின் வீடுகள், பூந்தோட்டங்கள், ஒரு சிறு பாலம், எந்த நேரமும் வரக்கூடிய பால் லொறி. வீட்டு வாசல்களுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிடுவோம். என் காருக்குப் பின்னால் அத்தான் ஓட்ஸ் வாளியோடு நடப்பார். அந்த வாளிக்குப் பின்னால் வயதுபோன பசு ஒன்று வரும், அதற்குப் பின்னால் மற்றவை. கடைசியில் அக்கா, குதிரையில். அவளுக்கு முன்னால், மண்ணோடு மண்ணாகப் பதுங்கிப் பதுங்கிப் போகும் கறுப்பு வெள்ளை நாய்.

அந்த நாய்க்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். குட்டியாக வந்தபோது அக்கா அப்படிப் பழக்கிவிட்டாள். "பொறு" என்றால் வயிற்றை நிலத்தில் வைத்துப் படுக்கும். "சுத்திப் போ" என்றால் கூட்டத்தைச் சுற்றி வளைந்து ஓடும். "காணும்" என்றால் விட்டுவிட்டு வரும். அத்தான் அந்தச் சொற்களைத் தன் நாக்கால் சொன்னால் நாய் அவரை இரக்கத்தோடு பார்க்கும். "இஞ்சை நான் தமிழிலை கதைக்க ஆர் இருக்கினம்? இவன் ஒருத்தன்தான்," என்று அக்கா ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

மேலே போய்ச் சேர்ந்தவுடன் வேலை முடிந்துவிடாது. வழியில் தாயைத் தவறவிட்ட கன்று தான் கடைசியாகப் பால் குடித்த இடத்துக்கே திரும்பி ஓடும். படலை திறந்திருந்தால் ஐந்து கிலோமீற்றரும் ஓடும். அதனால் எல்லாக் கன்றும் தன் தாயைக் கண்டுபிடித்து மடியில் வாய் வைக்கும்வரை அக்கா படலையடியில் குதிரையை நிறுத்திக் காத்திருப்பாள். ஒரு மணித்தியாலம், சிலவேளை இரண்டு. நான் காருக்குள் குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு பார்த்திருப்பேன். அந்த நேரத்தில் அவள் முகம் போல ஆறுதலான ஒரு முகத்தை நான் பிறகு எங்கும் கண்டதில்லை.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது ஒரு புரட்டாதியில். சத்திரசிகிச்சைக்கும் மருந்துக்கும் மொன்றியலுக்கு வரவேண்டியிருந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸில் என் அப்பார்ட்மென்டில் மாதக்கணக்காக என்னோடு இருந்தாள். அப்பாவின் வீடு அங்கிருந்து காரில் அரை மணித்தியாலம்கூட இல்லை. வயிற்றில் ஒப்பரேசன் என்று மட்டும் அவருக்குச் சொன்னேன். அவர் அக்காவின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் செவ்வாய்தோறும் அருச்சனை செய்வித்தார். திருநீற்றைக் கடதாசியில் மடித்து என்னிடம் தந்துவிட்டார். வரவில்லை. அக்கா அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டு, "அப்பான்ர மடிப்பு," என்றாள். கடதாசியை எறியவிடவில்லை.

சித்திரையில் வைத்தியர் இனி மருந்து பிரயோசனப்படாது என்று சொன்னார். எவ்வளவு காலம் என்று அக்கா பிரெஞ்சில் கேட்டாள். கோடை முடிவதைக் காண்பது கடினம் என்றார். வெளியே வந்து, மெற்றோ வாசலில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாட்டைச் சொல்லாதை."

"விசரோ உனக்கு? சொன்னா இண்டைக்கே வருவார்."

"அதுதான் சொல்லாதை எண்டிறன். சாகப்போறாள் எண்டு வரவேண்டாம். என்னைப் பாக்க வரட்டும். சத்தியம் பண்ணு, தங்கச்சி."

பண்ணிக் கொடுத்தேன். அம்மா போனபின் அவள் சொன்ன எதையும் நான் மறுத்ததில்லை.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இந்த முறையும் மாடுகளைத் தானே சாய்த்துக்கொண்டு போகவேண்டும். அதை அப்பா ஒருமுறை பார்க்கவேண்டும். அத்தான் முதலில் சத்தம் போட்டார், பிறகு அழுதார், பிறகு சேணத்தில் கட்டுவதற்குத் தடித்த கம்பளி ஒன்றைத் தைத்து வைத்தார். நான் அப்பாவிடம் போனேன். எத்தனை நாள் போனேன் என்று கணக்கில்லை. "தூர நிண்டு பாத்திட்டு வருவம் அப்பா, எனக்காக," என்றேன். கடைசியில் என்ன நினைத்தாரோ, "வாறன். ஆனா காரை விட்டு இறங்கமாட்டன். அந்த வீட்டிலை தண்ணியும் குடிக்கமாட்டன்," என்றார். அதுவே எனக்குப் பெரிய வெற்றியாகப்பட்டது. பாலத்தால் ஆற்றைக் கடந்தபோது எனக்குப் பாட்டே வந்தது.

அன்று அத்தான்தான் அவளைத் தூக்கிக் குதிரையில் வைத்தார். கொட்டிலுக்குப் பின்புறம், அப்பாவின் கண்ணுக்குப் படாமல். மழைச்சட்டைக்குள் அவள் எவ்வளவு மெலிந்திருக்கிறாள் என்பதும் தூரத்தில் தெரியவில்லை. முன்னே வந்து காருக்குள் குனிந்து அத்தான் "பொன்ஜூர்" என்றார். அப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பிறகு படலையைத் திறந்தார்கள்.

தெருவில் அந்தச் சிறு பாலம் தாண்டியபின்தான் அப்பா திரும்பினார். திருப்பியது அக்காவின் குரல். "சுத்திப் போடா... பொறு, பொறு... காணும்!" கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாயோடை தமிழிலை கதைக்கிறாள்," என்றார்.

"ஓம் அப்பா."

"வடிவாக் கதைக்கிறாள்," என்றார்.

மேலே படலைக்குப் பக்கத்தில் புல்லில் காரை நிறுத்தினேன். மாடுகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு உள்ளே போயின. ஒன்று நின்று, ஈரமான மூக்கைக் கண்ணாடிக்குக் கிட்ட வைத்து அப்பாவைப் பார்த்தது. அவரும் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. எல்லாம் உள்ளே போனபிறகு அக்கா குதிரையைக் கொண்டுவந்து எங்களுக்கு முப்பது அடி தூரத்தில் நிறுத்தினாள். சேணத்தின் முன்மேட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் இறங்கினால் நிற்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். விழுவதை அப்பா காணக்கூடாது என்று அவள் நினைப்பதும் தெரியும்.

"அப்பா, குளிருதே?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்லை," என்றார் அப்பா. அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

பதினெட்டு வருடத்தில் அவர்கள் கதைத்தது அவ்வளவுதான். பிறகு அவள் குதிரையில் இருந்தாள், அவர் காரில் இருந்தார். கன்றுகள் கத்திக் கத்தித் தாயைத் தேடிக்கொண்டிருந்தன. காற்று அடித்தது. நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்பாவின் கை கதவுப் பிடியில் இருந்தது. அது எத்தனை நிமிடம் அங்கே இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"பெத்த அப்பன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறன்," என்றார் தாழ்ந்த குரலில். "குதிரையை விட்டு இறங்க மனமில்லை அவளுக்கு."

என் வாய்வரை வந்தது. அவளால் ஏலாது அப்பா என்ற ஒரு வசனம். மெற்றோ வாசலில் பிடித்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. அப்பா கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"போவம்," என்றார்.

நான் காரைத் திருப்பினேன். அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். அவள் முகம் கோணவில்லை. கோணியிருந்தாலும் எனக்குத் தெரியாத தூரம் அது.

பதினொரு நாளில் போய்விட்டாள். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சாவீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஐயருக்கு முந்தியே ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தார், ஒரு சடங்கும் குறையவில்லை. எரியூட்டும் பொத்தானை அழுத்த விருப்பமா என்று அத்தான் என் மூலம் கேட்டார். அப்பா அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு போய், இருவருமாக அழுத்தினார்கள். வீடு திரும்பும்போது காரில் கேட்டார், அவள் பிழைக்கமாட்டாள் என்று எப்போதிருந்து எனக்குத் தெரியும் என்று. சித்திரையிலிருந்து என்றேன். அவள் ஏன் இறங்கவில்லை என்று அடுத்ததாகக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. தானே விளங்கிக்கொண்டார்.

அந்த இலையுதிர்காலத்திலேயே அத்தான் மாடுகளை விற்றுவிட்டார். லொறிகள் வந்து ஏற்றிப்போனதாகச் சொன்னார். குதிரையை ஒரு குதிரையேற்றப் பள்ளிக்கூடம் கொண்டுபோனது. நாய் அவரோடு சில மாதம் இருந்தது. அவர் பிரெஞ்சில் கூப்பிட்டால் எழும்பாது, தமிழில் கூப்பிட்டால் எழும்பிக் கதவடிக்குப் போய் நிற்கும். அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன் என்றார். இப்போது அதுவும் இல்லை. புல்வெளியை யாரோ வாடகைக்கு எடுத்துக் காயவைக்கப் புல் வெட்டுகிறார்கள்.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டை விட்டுவிட்டோம். கோயிலுக்கு நான்தான் கூட்டிப்போகவேண்டும். பெரும்பாலும் வேண்டாம் என்கிறார். பனி போய், கீழே தெருவோரப் புல் பச்சை பிடிக்கும் நாட்களில், பின்னேரம் ஜன்னலடியில் இருந்தபடி ஒரே ஒரு வசனம் சொல்வார்.

"நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இறங்கியிருப்பன்."

கோபமாகச் சொல்வதில்லை. முதல் வருடம் அக்காவுக்குக் கொடுத்த சத்தியத்தைச் சொன்னேன். அடுத்த வருடம், தெரியாமலும் இறங்கியிருக்கலாமே அப்பா என்று கேட்டேன். கேட்டபிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தால் உண்மையில் இறங்கியிருப்பாரா? எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அப்படி இறங்கியிருந்தாலும், சாகப்போகிறாள் என்று இறங்கி வருவதையா அக்கா கேட்டாள்?

"ஓம் அப்பா," என்கிறேன். அந்த ஓம் கிடைத்ததும் அவர் பத்திரிகையை எடுத்து விரித்துக்கொள்கிறார். எனக்கு ஓம் சொல்ல ஒருவரும் இல்லை.