பலகை மாடியில் நடந்த காதுப் பரிசோதனை

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்: தோட்டத்தை நடத்தும் துரை, பெக்டரியைப் பார்க்கும் டீமேக்கர், வட்டாரக் காரியாலயத்திலிருந்து வந்த நலன்புரி உத்தியோகத்தர் விஜேரத்ன, தொழிற்சங்கத் தலைவர் முத்தையா, குறிப்பு எழுத நான். இல்லாதவர் சிவலிங்கம். கூட்டமே அவரைப் பற்றியதுதான். ஆபீசுக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அவரையும் உள்ளுக்குக் கூப்பிடவா சேர்?" என்று கேட்டேன்.

"வந்து என்னத்தக் கேக்கப் போறான்?" என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கெட்டவர் இல்லை. சிவலிங்கத்துக்காகப் பேசத்தான் வந்திருந்தார். அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து அது இரண்டாவது வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான். ஒன்றை எழுத்தில் கேட்டால், நியாயம் இருந்தால், கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள், "காது கேக்காத ஒருத்தருக்கு உதவி இல்லன்னு சொல்லிட்டாங்க, இனி என்ன செய்றது?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

கேட்டது என்ன

சிவலிங்கத்துக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ரோலர் ரூமில், வாடிய கொழுந்தை அரைக்கும் மெஷினில், பல வருடமாக வேலை. மெஷினை நிறுத்த வேண்டுமென்றால் டீமேக்கர் மணி அடிப்பார். பக்கத்து ரோலர்காரர் சிவலிங்கத்தின் தோளைத் தொடுவார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் பெல்ட் நழுவி மணி அடித்தபோது பக்கத்து ஆள் அங்கே இல்லை. குனிந்து கொழுந்து அள்ளிக்கொண்டிருந்த சிவலிங்கத்தைச் சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். சட்டை கிழிந்ததோடு போயிற்று.

துரை உடனே சொல்லிவிட்டார்: மணியோடு சேர்ந்து எரிகிற சிவப்பு லைட் ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் ஆளை ரோலர் ரூமிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டுக்கு அனுப்ப வேண்டும். லைட்டுக்குத் தோட்டக் கணக்கில் எடுக்க முடியாது. கம்பெனியின் நலன்புரி நிதியில், உடல் குறை உள்ள தொழிலாளருக்குத் தேவையான சாமான் வாங்க ஒரு பகுதி இருந்தது. விண்ணப்பத்தை நானே எழுதினேன்.

சிவலிங்கத்துக்கு அது லைட் விஷயம் மட்டும் இல்லை. பெக்டரியில் ஓவர்டைம் உண்டு. புல்லு வெட்டில் கிடையாது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த ஓவர்டைம்தான்.

பரிசோதனை

கூட்டம் முடிந்ததும் விஜேரத்ன மாத்தையா (சிங்களத்தில் ஐயா), "ஆளுக்கு உண்மையாகவே கேட்காதா என்று பார்க்க வேண்டும்" என்றார். எங்களைப் பெக்டரி மேல்மாடிக்குக் கூட்டிப் போனார். கொழுந்தைப் பரப்பி வாட்டும் இடம். தரை முழுவதும் பலகை. சிவலிங்கத்தை ஜன்னல் பக்கம் பார்த்து நிற்க வைத்தார். பின்னால் போய்க் கை தட்டினார். அசையவில்லை. பிறகு சப்பாத்துக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். சிவலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"எஹெனவா, எஹெனவா," என்றார் மாத்தையா. கேட்கிறது, கேட்கிறது என்று. கள்ளனைப் பிடித்தது போல முகத்தில் ஒரு சந்தோஷம்.

அடுத்த வாரம் பதில் வந்தது. விண்ணப்பதாரருக்குக் கேட்கும் திறன் உள்ளது, ஆகவே நிதி வழங்க முடியாது. அதே நாளில் துரை இன்னொரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். காது கேட்காத காரணத்தால் ஒன்றாம் திகதியிலிருந்து சிவலிங்கம் வெளிவேலைக்கு மாற்றப்படுகிறார். இரண்டையும் அவர் கையில் கொடுத்தவன் நான். நிதிக்குக் காது கேட்கிறது, ரோலருக்குக் காது கேட்கவில்லை. ஒரே மனிதர், ஒரே கம்பெனி.

அவருடைய மனைவி புஷ்பராணி வாசித்துக் கை சாடையில் சொன்னாள். சிவலிங்கம் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, தன் உள்ளங்காலைத் தட்டிக் காட்டினார். பிறகு நெஞ்சைத் தட்டினார்.

"பலகையில மிதிச்சா கால் வழியா ஏறும்ங்கிறாரு," என்றாள் புஷ்பராணி. "ஏங்க கிளாக்கரய்யா, அங்கதானே நின்னீங்க? ஒங்களுக்கு ஆடலியா?"

ஆடியதுதான். ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

மேன்முறையீடு

தலைவர் சங்கத்தின் வழக்கப்படி ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஏழைத் தொழிலாளி, இரண்டு பிள்ளைகள், தயவு செய்து இரக்கம் காட்டவும். புஷ்பராணி அதைச் சாடையில் சொன்னதும் சிவலிங்கம் கடதாசியைத் தள்ளிவிட்டார்.

"பிச்ச கேக்கலயாம். கேக்குதுன்னு பொய் சொன்னாங்கல்ல, அதுக்குப் பதில் எழுதச் சொல்றாரு."

அப்படியே எழுதினோம். நீங்கள் சொன்ன காரணம் தவறு. பரிசோதனை பலகைத் தரையில் நடந்தது. சிமெண்ட் தரையில் மறுபடி செய்யுங்கள். விண்ணப்பதாரர் நேரில் பேசுவார், சாடை தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும்.

அதற்குப் பதில் வரவே இரண்டு மாதம். அதற்குள் சிவலிங்கம் புல்லு வெட்டில், மழையில், அட்டைக் கடியில். விஜேரத்ன மாத்தையா வந்தபோது புஷ்பராணியைப் பார்த்து, மனைவி பேசினால் அது மனைவியின் பேச்சாகிவிடும், ஏற்க முடியாது என்றார்.

"சரி மாத்தையா. அப்ப சாடை தெரிஞ்ச ஒரு ஆளக் கம்பெனி கொண்டாரட்டும். நாங்க காத்துக்கிட்டு இருக்கோம்," என்றாள்.

கம்பெனியிடம் அப்படி ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் மாத்தையா அவளையே உட்காரச் சொன்னார். ஆனால் கேள்வியெல்லாம் அவளிடமே போயிற்று. "இவருக்குச் சின்ன வயசில இருந்தே இப்படியா?" "இவருக்கு மணி கேக்கிறதே இல்லயா?"

"அவரு மொகத்தப் பாத்துக் கேளுங்க மாத்தையா. கல்யாணம் முடிக்க முந்தி நடந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

துரை இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார்.

மேல்மாடிக்குப் போனோம். சிவலிங்கம் ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, மாத்தையாவை உட்காரச் சொல்லிக் காட்டினார். இரண்டு காதிலும் விரலை வைக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார். வாட்டும் காற்றாடிகள் வேறு இரைந்துகொண்டிருந்தன. சிவலிங்கம் பின்னால் போய்க் குதிங்காலால் ஒரு மிதி. மாத்தையா துள்ளித் திரும்பினார்.

"இவருக்கு இப்ப காதுல கேட்டுச்சா, கால்ல தெரிஞ்சுச்சான்னு கேக்கிறாரு," என்றாள் புஷ்பராணி.

மாத்தையா எழுந்து படியிறங்கினார். கீழே ரோலர் ரூமின் சிமெண்ட் தரையில் அவர் கத்தினார், கை தட்டினார், துரை விசிலடித்தார், டீமேக்கர் ஒரு தகரத்தைத் தட்டினார். சிவலிங்கம் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாத்தையா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஹரி, சரி. இனி ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வேண்டும்," என்றார்.

இரத்தினபுரிக்குப் போனோம். கிளினிக்குக்குள் நோயாளி மட்டும் போகலாமாம். நானும் புஷ்பராணியும் வெளியே. பின்னேரம் ஆகியும் ஆள் வரவில்லை என்று எட்டிப் பார்த்தால், பெஞ்சியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார்களாம், பதில் இல்லையாம், வரவில்லை என்று கார்டில் எழுதிவிட்டார்கள். காது கிளினிக்கில்.

இன்னொரு நாள் போனோம். புஷ்பராணி வாசலில் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கையெழுத்து

ஆஸ்பத்திரிக் கடிதத்தை அனுப்பிய பிறகு, கடைசியில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. விசேட சலுகையாக லைட் வழங்கப்படும், இங்கே கையெழுத்திடவும். தலைவர் பேனாவையே திறந்து நீட்டினார். சிவலிங்கம் வாங்கவில்லை. பழைய கடிதத்தை எடுத்து, கேட்கும் திறன் உள்ளது என்ற வரியில் விரலை வைத்தார்.

"லைட்டு கெடச்சிருச்சில்ல, போட்டுத் தொலைடா," என்றார் தலைவர்.

"இது ஃபைல்ல இருந்தா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இதத் தூக்கிக் காட்டுவாருங்கிறாரு," என்றாள் புஷ்பராணி. "அத வெட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவரு புல்லே வெட்டுறாராம்."

எனக்கே அன்று கோபம் வந்தது. கிடைத்ததை வாங்கினால் என்ன என்றுதான் நினைத்தேன். ஆனாலும் எழுதினேன். இன்னும் மூன்று வாரம் போயிற்று. முதல் முடிவு தவறானது, இரத்துச் செய்யப்படுகிறது என்று ஒற்றை வரியில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் வேறொரு உத்தியோகத்தர் வந்து, லைட் உண்மையாகவே தேவையா என்று ஃபைலைக் கேட்டபோது, அந்த ஒற்றை வரியைக் காட்டி அனுப்பினேன்.

ஆகவே, தம்பி தங்கச்சிமாரே, மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இரக்கம் கேட்காமல் அந்தக் காரணத்துக்குப் பதில் சொல்லுங்கள். ஆளை உள்ளே உட்கார வையுங்கள், சாடை சொல்பவரையே அந்த ஆளாக்கிவிடாதீர்கள். தவறான வரி வெட்டப்படும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கஹவத்தை டவுனிலிருந்து வயரிங் வேலை செய்யும் நிசாம் நானா வந்து ஒரே காலையில் லைட்டைப் போட்டுவிட்டுப் போனார். வவுச்சரை நான்தான் எழுதினேன். பல்ப், கம்பி வலைக் கூடு, வயர், நானாவின் கூலி எல்லாம் சேர்த்து நிதிக்கு ஆன செலவு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.