கறாரம்மா நிறுத்திய மாத்திரை

அந்த மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கறாரம்மா. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவள் காதுக்குப் போகாத பேச்சு அந்தக் கட்டடத்தில் எது? கேள்விப்பட்டதும் நேராகக் கேன்டீனுக்குப் போய், "வெச்சதுதான் வெச்சீங்க, மூஞ்சிக்கு நேரா கூப்பிடுங்க. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று கேட்டாள். அன்றிலிருந்து டீ போடுகிறவர் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் கறாரம்மாதான்.

மாத்திரை வெளியே போவதற்கு முன் அதைச் சோதிப்பது அவள் வேலை. சோதனைக்கூடத்தின் ஜன்னலோரம் ஒரு மெஷின் இருந்தது. வெந்நீர்த் தொட்டி, அதற்குள் இறங்கி நிற்கிற ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் மெதுவாகச் சுற்றுகிற ஒரு துடுப்பு. குடுவையில் இருப்பது உடம்புச் சூட்டில், வயிற்றில் இருப்பது போலக் கொஞ்சம் அமிலம் கலந்த தண்ணீர். மாத்திரையைப் போட வேண்டும், குறித்த நேரத்தில் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேண்டும், அதில் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். அவளிடம் யாராவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்!

ஒரு தடவை கேன்டீனில் ஒருத்தர் சொல்லிவிட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"மாத்திரைக்குள்ள மருந்து இருந்தா போதும்னு நெனச்சீங்களா? முழுங்கினது முதல்ல கரையணும். கரைஞ்சது குடலைத் தாண்டி ரத்தத்துல இறங்கணும். நடுவுல ஈரல் உக்காந்துக்கிட்டு தன் பங்கைப் பிடிச்சுக்கும். மிச்சம்தான் போக வேண்டிய இடத்துக்குப் போகும். கரையாத மாத்திரை என்ன பண்ணும்? உள்ள போய் ஊரைச் சுத்திப் பாத்துட்டு, போன மாதிரியே முழுசா வெளிய வந்துடும். உங்க தட்டுல சாப்பாடு இருக்கு, இதுக்கு மேல சொல்லல."

அவள் வீட்டுக்காரரும் அதே கம்பெனிதான். மிக்ஸிங் பிரிவில் மருந்துப் பொடியையும் மற்றப் பொடிகளையும் சேர்த்துக் கலக்குகிற பெரிய டிரம் அவர் பொறுப்பு. சாது. வம்பு எதிர்த்தெருவில் வந்தால் இந்தத் தெருவில் திரும்பிப் போகிறவர். இப்படி ஒருத்தருக்கு இப்படி ஒருத்தி எப்படி வாய்த்தாள் என்று கேட்காத ஆளில்லை. வீட்டில் அவள் போட்ட சட்டம் ஒன்று உண்டு. வாசலைத் தாண்டினால் மருந்துப் பேச்சு கிடையாது. அவளுக்குச் சோதனைக்கு வருவது வெறும் எண் ஒட்டின பாட்டில். யார் கை கலந்தது என்று தெரிந்தால் பார்க்கிற கண் கோணிப்போகும் என்பாள். அவரும், தலை தப்பித்தது என்று, வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

ஒரே ஒரு மருந்து மட்டும் அந்தச் சட்டத்துக்கு விலக்கு. அது அவருடைய பிரஷர் மாத்திரை. உடம்பிலிருக்கும் உப்பையும் தண்ணீரையும் சிறுநீராக வெளியே தள்ளி ரத்த அழுத்தத்தை இறக்குகிற ரகம், அவர்கள் கம்பெனியில் செய்வது. காலையில் டம்ளரோடு நீட்டுவாள்.

"இதைப் போட்டா பாதிப் பொழுது கக்கூஸ்லதான் போகுது."

"அப்படீன்னா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம முழுங்குங்க."

முழுங்குவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த வலிப்பு மாத்திரை அவள் மேஜைக்கு வந்தது. வழவழவென்று, விளிம்பு உடையாமல், பார்க்கவே அழகாக இருந்தது. உள்ளே இருந்த மருந்தின் அளவும் சரி. குடுவைகளில் போட்டாள். மற்ற நாட்களில் மாத்திரை உப்பி, பிளந்து, தண்ணீரில் மேகம் போலப் பரவும். அன்றைக்கு ஆறும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அசையவே இல்லை. நேரம் முடிந்தபோது பாதிகூடக் கரையவில்லை.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். சூடு சரியா, துடுப்பின் வேகம் சரியா, தண்ணீரில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் தவறினால் இன்னும் சில மாத்திரைகளைப் போட்டுப் பார்க்க விதியிலேயே இடம் உண்டு. இது கொஞ்சமா தவறியிருந்தது? இருந்தாலும் பார்த்தாள். அதே கதை. 'தேறவில்லை' என்று எழுதிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "என்னம்மா இது! ஆஸ்பத்திரிலேர்ந்து போன் மேல போன் போட்டுட்டிருக்காங்க. ஸ்டாக்கே இல்லையாம். மெஷின்ல ஏதோ கோளாறுன்னு போட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஒரு தடவை பாரு."

"மெஷின்ல கோளாறு இல்லையே சார். இல்லாத கோளாறை எப்படி எழுதறது?"

"பாத்துட்டே இருந்தா ஏதோ ஒரு தடவை தேறும்."

"தேறும். அந்த ஒரு தடவையை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் குப்பையில போடச் சொல்றீங்க. அதுக்குப் பேரு சோதனையா?"

மேனேஜர் குரலை இறக்கினார். குழைவதும் அவருக்குத் தெரியும். "நோயாளிங்க காத்துட்டிருக்காங்கம்மா. மருந்தே இல்லாம இருக்கறதுக்கு இது மேல் இல்லையா? பாதியாவது கரையுதே."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இல்ல சார். மருந்து இல்லைன்னா டாக்டருக்குத் தெரியும், வேற மருந்து எழுதுவார். இது கையில இருக்கு, ஆனா வேலை செய்யாதுன்னா யாருக்குத் தெரியும்? தவறாம முழுங்கிட்டு ரோட்டுல நடந்து போறவன், நடு ரோட்டுல வலிப்பு வந்து விழுவான். டாக்டர் என்ன நெனப்பார்? அளவு பத்தலைன்னு ஏத்துவார். அடுத்த மாசம் நாம நல்லா கரையற மாத்திரையை அனுப்புவோம். ஏத்தின அளவோட அது உள்ள போனா என்ன ஆகும்? வலிப்பு மருந்து ரத்தத்துல குறைஞ்சாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இது உங்களுக்குத் தெரியாததா?"

மேனேஜருக்கு எல்லாம் தெரியும். படித்தவர், அனுபவசாலி. தெரிந்துதான் கேட்டார். அவள் மசியவில்லை என்றதும் கடைசிச் சீட்டை இறக்கினார்.

"அதைக் கலந்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

"உங்க வீட்டுக்காரர். டிரம் அளவுக்கு மேல சுத்தியிருக்குன்னு மெஷின் எண்ணிக்கையே சொல்லுது. நீ 'தேறல'ன்னா விசாரணை வரும். விசாரணை வந்தா அவர் வேலை போகும். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாம்மா."

வாடகை வீடு, இரண்டு சம்பளத்தில் ஓடுகிற குடும்பம், இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்? பயம் இல்லாமல் இல்லை, நன்றாகவே இருந்தது. ஆனாலும் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு திரும்பிச் சொன்னாள்: "யோசிக்க ஒண்ணும் இல்ல சார். வேற யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிக்கலாம்னு பாக்காதீங்க. இந்த மாத்திரையில கொஞ்சம் எடுத்து நம்ம அலமாரியிலயே பூட்டி வெச்சிருக்கோம். காலாவதி ஆகற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். மருந்து ஆய்வாளர் எந்த நாள் வந்து கேட்டாலும் தண்ணில போட்டுக் காட்டணும். அது கரையாது. நானும் வாயை மூடிக்கிட்டு நிக்க மாட்டேன்."

வீட்டில் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் தானே போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாள்.

"டிரம் ஏங்க அத்தனை நேரம் சுத்துச்சு?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

கடைசியாக ஒரு மெழுகுத்தன்மையுள்ள பொடியைச் சேர்ப்பார்கள். மாத்திரை அடிக்கிற அச்சில் ஒட்டாமல் வருவதற்காக. அதைப் போட்டபின் டிரம் கொஞ்ச நேரம் சுற்றினால் போதும். அதிகம் சுற்றினால் அந்தப் பொடி ஒவ்வொரு துகள் மேலும் பூசிக்கொண்டுவிடும். எண்ணெய் தடவின கையில் தண்ணீர் நிற்காத மாதிரி, அப்புறம் தண்ணீர் உள்ளேயே போகாது. மாத்திரை மட்டும் பளபளவென்று வரும்.

"பொடியைப் போட்டு ஓட விட்டேன். அவசரமா வந்துடுச்சு. அன்னிக்குக் காலைல நீ குடுத்த பிரஷர் மாத்திரை, அது நேரம் காலம் பாக்குமா? வெளிய போகணும்னா சும்மாவா? தொப்பி, முகமூடி, அங்கி, கால் உறை அத்தனையும் கழட்டணும். திரும்பி வந்து கையைக் கழுவி அத்தனையும் மறுபடி மாட்டணும். டைமர் தானா நிறுத்திடணும். நிறுத்தல."

"டைமர் கெட்டுப்போனது இன்னிக்கு நேத்திக்கா?"

"எங்க! மேனேஜர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். கூட நிக்க வேண்டிய ஆளையும் பேக்கிங்குக்குத் தூக்கிட்டாங்க."

"சரி, வந்து பாத்தீங்களே, ஓடிட்டு இருந்துச்சுன்னு ஏன் சொல்லல?"

அவர் நறுக்கின காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கினார். "பயம்," என்றார். அப்புறம் மெல்ல, "இந்த ஒரு தடவை மட்டும் விட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"முடியாது."

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடறியா? கட்டின பொண்டாட்டி செய்யற வேலையா இது?"

"முழுங்கறவங்க யாராவது, 'இதைப் பாத்தது யாரு, நல்லவளா, புருஷனுக்காகக் கண்ணை மூடிக்கிறவளா'ன்னு கேக்க முடியுமா? வாயைத் திறந்து போட்டுக்கறாங்க, அவ்வளவுதான். அவங்க கேக்க முடியாததுனாலதான் என்னை அங்க உக்கார வெச்சிருக்காங்க." சொல்லும்போதே அழுதாள். அழுகிறோமே என்று இன்னும் கோபம் வந்தது. "டிரம் ஓடினது உங்க தப்பில்ல. சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுதான் தப்பு. நாளைக்கு நீங்களே சொல்லுங்க. உங்க பக்கத்துல நான் நிக்கறேன். இந்த மாத்திரை மட்டும் வெளிய போகாது."

மறுநாள் முதலாளி அறையில் விசாரணை. வீட்டுக்காரர் எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, தட்டுத் தடுமாறி, ஒன்றுவிடாமல் சொன்னார். பாவம், சட்டைக் காலர் வரை வியர்வை. அவர் உட்காருவதற்குள் மேனேஜர், "ஆபரேட்டர் கவனக்குறைவு. ஆளை எடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது," என்று பூசி மெழுகப் பார்த்தார்.

கறாரம்மா எழுந்தாள். "எப்படி சார் முடியும்? கெட்ட டைமர் அங்கயே இருக்கும். நாளைக்கு அந்த இடத்துக்கு வர்றவனுக்கும் ஒண்ணுக்கு வரும். அவர் மறைச்சது தப்பு, அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, நான் தடுக்கல. ஆனா அவர் முழுங்கின பிரஷர் மாத்திரை ஒழுங்கா வேலை செஞ்சுது, உங்க டைமர்தான் வேலை செய்யல. அதைச் சரி பண்ணச் சொல்லி அவர் கேட்டது யார்கிட்ட? கூட இருந்த ஆளை எடுத்தது யாரு? இவரைத் தூக்கறதா இருந்தா, இதையெல்லாம் செஞ்சவரையும் சேர்த்துத் தூக்குங்க. மாட்டீங்கன்னா, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுல நானும் இவரும் சேர்ந்து போய்ச் சொல்றோம்."

"நீ இந்தக் கம்பெனிச் சம்பளம்தானே வாங்கறே?" என்றார் முதலாளி.

"ஆமா சார். எதுக்குக் குடுக்கறீங்களோ அதைத்தான் செய்யறேன்."

முதலாளி அவளையே பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். டைமரைப் பற்றி மேனேஜரிடம் நேராகக் கேட்டார். அவர் சொன்னது உண்மைதான் என்று மேனேஜர் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த மாத்திரை அத்தனையும் எரிக்கப்பட்டது. டைமர் மாற்றினார்கள். மிக்ஸிங்கில் எப்போதும் இரண்டு பேர் என்று ஆயிற்று. ஆஸ்பத்திரிகளுக்கு உண்மையைச் சொன்னார்கள், டாக்டர்கள் வேறு மருந்து எழுதிச் சமாளித்தார்கள். மேனேஜர் இன்னும் மேனேஜராகத்தான் இருக்கிறார், அவருக்கென்ன! வீட்டுக்காரருக்கு வேலை தங்கியது. ஆனால் டிரம்மை விட்டு இறக்கி பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. சம்பளமும் இறங்கியது.

அவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. அதோடு காலையில் அவள் நீட்டுகிற மாத்திரையையும் தொடவில்லை. "எல்லாத்துக்கும் காரணம் இந்தச் சனியன்தான்," என்றார் ஒரு நாள், சுவரைப் பார்த்து. அவள் கெஞ்சவில்லை, கெஞ்சத் தெரியாது. ஆனால் தினமும் மாத்திரையையும் தண்ணீரையும் மேஜையில் வைத்தாள், தினமும் அதை எடுத்து உள்ளே வைத்தாள். அவருக்குக் காலையிலேயே தலைவலி வந்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. "செத்துக் கித்துத் தொலைஞ்சீங்க, அப்புறம் நடக்கறதே வேற!" என்று ஒரு நாள் கத்தியே விட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்புவரை போனவர் திரும்பி வந்து மேஜை அருகில் நின்றார். மாத்திரையைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு பாத்தது?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. அவள் அடுப்பை அணைத்தாள். "நான்தான்."

"கரைஞ்சுதா?"

"ஆறும் கரைஞ்சுது."

"கரையாம இருந்து, விட்டுடுன்னு மேனேஜர் சொல்லியிருந்தா?"

"நிறுத்தியிருப்பேன்."

அவர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நான் சொல்லியிருந்தா?"

"நீங்கதான் சொன்னீங்களே," என்றாள் அவள். "நிறுத்தலையா?"

அவர் டம்ளரை எடுத்து, மாத்திரையை வாயில் போட்டு, முழுங்கினார்.