வரையாட்டு மார்க் பன்னிரண்டு

போடியில் முதல் பன்னிரண்டு கம்பி கித்தார் எங்கள் வீட்டு ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியில்தான் பிறந்தது. கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் இருந்தது. தம்பி மலையில் தோட்டத்தைப் பார்க்கட்டும், தான் கீழே இருந்து சரக்கை விற்கலாம் என்பது அவர் போட்டிருந்த கணக்கு. சித்தப்பாவோ ரயிலேறி மதுரைக்குப் போய், கித்தார் பழுது பார்க்கும் கடையில் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்தபோது பையில் உளியும் அரமும், தலையில் ஒரே ஓர் ஆசையும் இருந்தன. ஈட்டி மரப் பலகையில் தன் கையாலேயே ஒரு பன்னிரண்டு கம்பி கித்தார் செய்ய வேண்டும். வழக்கமான கித்தாருக்கு ஆறு கம்பி. இதில் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு ஜோடி. இழுவை அதிகம் என்பதால், கழுத்து சரியாக அமையாவிட்டால் முறிந்துவிடும்.

கித்தார் முடிவதற்குள் பெயர் விவகாரம் தொடங்கிவிட்டது. நல்ல கித்தார் என்றால் மாடல் பெயர் வேண்டும் என்றார் சித்தப்பா. சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சுதான். வெளிநாட்டுக் கம்பெனிகள் பன்னிரண்டு கம்பி கித்தாருக்கென்று புதுப்பெயர் தேடி மெனக்கெடவில்லையாம். ஆறு கம்பி மாடலின் பெயரையே எடுத்துப் பன்னிரண்டைச் சேர்த்துவிட்டார்களாம். முதலில் வரும் எழுத்து உடம்பின் அளவைச் சொல்லும், எண் மரத்தையும் அலங்காரத்தையும் சொல்லும். ஒரு கம்பெனி பன்னிரண்டை நடுவில் செருகியது, இன்னொன்று கடைசியில் ஒட்டியது. அதற்கும் முன்னால் ஒரு கம்பெனி டாலர் விலையையே மாடல் எண்ணாக வைத்திருந்ததாம்.

அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தார். “வெலையவே பேரா வெச்சானா? வெல ஏறுனா என்னடா பண்ணுவான்?”

“பேரு அப்பிடியே நின்னுருச்சுண்ணே. வெல மட்டும் ஏறிப்போச்சு.”

“அவன் வியாபாரி” என்றார் அப்பா. கித்தார் சம்பந்தப்பட்ட ஒருவரை அவர் மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அம்மா குலசாமி பெயரை வைக்கச் சொன்னார். சின்னப் பெண்ணான நான் என் பெயரைச் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, “நம்ம வரையாட்டு மார்க்க வெச்சுக்கிறேண்ணே” என்றார்.

அப்பா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். தகரத் தகட்டில் வெட்டிய அந்த வரையாட்டைத்தான் எங்கள் மூட்டைகளின் மேல் கறுப்பு மையால் பதிப்போம். அது ஆடா பூனையா என்று எங்களுக்குள்ளேயே சந்தேகம் உண்டு. ஆனால் வியாபாரிகளுக்குச் சந்தேகமே கிடையாது. மற்றவர்களின் காயைக் கிளறி, நசுக்கி, முகர்ந்து, தரையில் வீசிவிட்டுத்தான் விலை பேசுவார்கள். எங்கள் மார்க்கைப் பார்த்தால் ஒரு கை அள்ளிப் பார்த்ததோடு சரி.

“ஒம் பொட்டி பாதியில முறிஞ்சா, நாளைக்கு ஏங் காயும் பெசகுன்னுதான் பேசுவாய்ங்க” என்றார் அப்பா. அடுத்த மாதம் ஒரு வியாபாரி வீட்டுக் கல்யாணம் இருந்தது. ஊரின் ஏலக்காய் வியாபாரிகள் அத்தனை பேரும் வருவார்கள். “அங்க வாசி. கழுத்து நின்னா மார்க்கப் போட்டுத் தர்றேன். முறிஞ்சா மறுநாளே ஜீப்புல ஏறித் தோட்டத்துக்குப் போயிரு.” நின்றால் தோட்டம் என்னாகும் என்று அவரும் சொல்லவில்லை, சித்தப்பாவும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று சாயங்காலம் மண்டபத்தில் உள்ளூர் மெல்லிசைக் குழுவோடு சித்தப்பா உட்கார்ந்தார். அப்பா முன்வரிசையில் இருந்தார். பாட்டை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி கித்தாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வாசிக்க இருவர் வாசித்தது போல அந்தச் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. என் வயதுப் பிள்ளைகளிடமெல்லாம் “எங்க சித்தப்பா” என்று சொல்லித் தீர்த்தேன்.

நடுப்பாட்டில் ‘டப்’பென்று ஒரு சத்தம். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அறுந்தது ஒரு கம்பிதான். சித்தப்பா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதன் ஜோடிக் கம்பி பாட்டை இழுத்துக்கொண்டு போனது. பாடியவருக்கே விஷயம் தெரியாது. கடைசிப் பாட்டு வரைக்கும் கழுத்து அசையவில்லை.

முடிந்ததும் ஒரு வியாபாரி மேடைக்கு வந்து கித்தாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சரக்கை விசாரிக்கிற தோரணையிலேயே கேட்டார். “யாரு மார்க்கு மாப்ளே இது? மதுரையா, மெட்ராசா?”

சித்தப்பா வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா குரல் வந்தது. “நம்ம மார்க்குதான். வரையாடு. பாத்தாத் தெரியல?”

பார்ப்பதற்கு அதில் ஒரு மார்க்கும் இல்லை. வியாபாரி தெரிந்த மாதிரி தலையாட்டினார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுநாள் காலையில் கிட்டங்கியில் சித்தப்பா சின்னதாக ஒரு காகிதச் சீட்டை வெட்டி வைத்திருந்தார், கித்தாருக்கு உள்ளே ஒட்டுவதற்கு. அப்பா அதைச் சட்டை செய்யவில்லை. மூட்டைக்குப் போடும் தகட்டையே எடுத்து, பளபளவென்றிருந்த முதுகுப் பலகை மேல் வைத்து, துணிப்பந்தால் மையை ஒற்றினார். முதுகு முழுக்க வரையாடு.

“அண்ணே, இம்புட்டுப் பெருசா...”

“தெரியணும்ல? பன்னெண்ட எங்க போடணும்? நடுவுலயா, கடேசிலயா?”

“கடேசில போடுங்கண்ணே.”

அப்பா தூரிகையால் 12 என்று எழுதினார். பிறகு குனிந்து, அதற்குக் கீழே 1 என்று எழுதினார்.

“இருக்கிறதே ஒண்ணுதானப்பா, அதுக்கு எதுக்கு நம்பரு?” என்று கேட்டேன்.

“மை காயிற வரைக்கும் தொடாத ஆத்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார். சித்தப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தனை நாள் தேய்த்து மெருகேற்றிய பலகை பாழாகிவிட்டதே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் பாவமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒற்றை மூட்டைக்கு எண் போடும் வழக்கம் கிடையாது. பின்னால் இன்னும் மூட்டைகள் வருகின்றன என்றால்தான் முதல் மூட்டையில் ஒன்று என்று எழுதுவார்கள்.