சட்டைப் பொத்தான்

குற்றாலத்தில் யாராவது கேமராவைத் தூக்கினால் இன்றும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு வருஷம் சீசனுக்கு மெட்ராசிலிருந்து மச்சினன் பெட்டிக் கேமராவோடு வந்திருந்தான். செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில் மலையில் வாழும் பளியர் ஒருவர் தேன் விற்றுக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"இப்படி நின்னா காட்டாளுன்னு யார் நம்புவா?" என்றான் மச்சினன்.

"ஏலே, சட்டையக் கழத்திட்டு நில்லு" என்றேன் நான், என்னைவிட மூத்தவரிடம்.

அவர் சட்டையை நனையாமல் பக்கத்திலிருந்த தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சாரலில் நடுங்கிக்கொண்டே படத்துக்கு நின்றார்.

மறு வருஷம் தேன் வாங்க நான் மட்டும் போனேன். கேமரா இல்லை. என்னைக் கண்டதும் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி!" என்றேன்.

அந்த வார்த்தை போன வருஷமே என் வாயில் வந்திருக்கலாம். அதற்குள் கடைசிப் பொத்தானும் கழன்றிருந்தது.